மேலே சத்தம்

ஜூலை 8, செவ்வாய்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடி எழுதுவேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன், எனக்குச் சாதகமாகத் திருத்தவும் மாட்டேன். ஏன் இந்தச் சபதம் என்பதையும் ஒரு நாள் எழுத வேண்டியிருக்கும். இன்று வேண்டாம்.

எங்கள் ஒன்பதாம் வகுப்பின் விளக்குப் பொறுப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. பள்ளியில் மின்சாரச் சிக்கனப் போட்டி நடக்கிறது. வகுப்பு காலியானதும் நான்கு விளக்குகளையும் ஆறு மின்விசிறிகளையும் நிறுத்திவிட்டு, கதவை வெளியே தாழிட வேண்டும். பத்தாம் வகுப்பு அக்கா ஒருத்தி மதிப்பெண் நோட்டோடு தாழ்வாரத்தில் வருவாள். ஒரு விளக்கு எரிந்தாலும் ஒரு மதிப்பெண் போய்விடும்.

"அகராதி கையில சுவிட்சைக் குடுத்துட்டாங்க. இனிமே நாம மூச்சு விடறதுக்கும் கணக்கு எழுதுவா," என்றாள் தவளை. அகராதி என்பது நான்தான். தவளை என் தோழி. ஒரு பெஞ்சில் ஐந்து நிமிடம் உட்கார அவளால் முடியாது.

வகுப்புக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். அவளைப் பார்த்ததும் எனக்கு... நாளை எழுதுகிறேன்.

ஜூலை 9, புதன்

எழுதவில்லை.

ஜூலை 11, வெள்ளி

பள்ளி ஆலோசகர் மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். புதியவள் பக்கத்தில் நான் உட்கார வேண்டுமாம்.

"ஏன் மிஸ் நான்?"

"நீ தொணதொணன்னு கேள்வி கேக்க மாட்டேன்னு உங்க கிளாஸ் டீச்சர் சொன்னாங்க. அவ வீட்டுல நிறைய கஷ்டப்பட்டிருக்கா. இப்ப அவங்க சித்தி வீட்டுல இருக்கா. என்ன ஏதுன்னு நீ கேக்க வேண்டாம். பின்னாலேர்ந்து போய்த் தொடாதே. எதாவது செய்யறதுக்கு முன்னாடி சொல்லிட்டுச் செய். அது போதும்."

நான் தலையாட்டினேன். எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று சொல்லவில்லை.

மதியம் தவளை ஒரு பெஞ்சைத் தள்ளிவிட்டாள். பெரிய சத்தம். நிமிர்ந்து பார்த்தால் பக்கத்து இடம் காலி. வகுப்பின் பின்பக்கம் வரைபடங்கள் வைக்கும் இரும்பு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் ஒடுங்கி நிற்கும் அளவுக்கு இடுக்கு இருக்கிறது. அங்கே போய் நின்றிருந்தாள். டீச்சர் பாடத்தை நிறுத்தவே இல்லை, குரலை மட்டும் கொஞ்சம் தணித்துக்கொண்டார். கால் மணி நேரம் கழித்து அவளே வந்து உட்கார்ந்தாள். என் நோட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். விட்டுப்போனதை எழுதிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

ஜூலை 14, திங்கள்

சரி. எழுதிவிடுகிறேன்.

போன வருடம் அவள் எங்கள் மேல்வீட்டில் இருந்தாள். அவளும் அவள் அப்பாவும் மட்டும். வேறு பள்ளி. படிக்கட்டில் இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன்.

சாயங்காலம் நான் படிக்க உட்காரும் நேரத்தில் மேலே அவள் அப்பாவின் குரல் கேட்கும். பிறகு எதுவோ விழும். பிறகு ஒரு கதவு அறையும், தாழ் விழும். என் மேசைக்கு நேர் மேலே அவர்கள் வீட்டுச் சாமான் அறை. கதவு அறைந்த கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து தட்டும் சத்தம் வரும். டொக், டொக், டொக். மூன்று முறை. நிற்கும். மறுபடியும் மூன்று.

அம்மா டிவி சத்தத்தைக் கூட்டுவாள். நான் காதில் விரலை வைத்துக்கொண்டு படிப்பேன்.

இன்று போன வருட நோட்டை எடுத்துப் பார்த்தேன். என்ன எழுதியிருக்கிறேன்? "மேலே சத்தம். படிக்க முடியவில்லை." இதையே பதினொரு தேதிகளில் எழுதியிருக்கிறேன். வேறு ஒரு வரி இல்லை. மழை பெய்ததை அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன்.

கடைசியில் புகார் கொடுத்தது மூன்றாம் மாடித் தையல்கார அம்மா. அதிகாரிகள் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனபோது நாங்கள் கதவை ஒருக்களித்து வைத்துப் பார்த்தோம்.

அவளுக்கு என்னை அடையாளம் தெரிகிறதா? தெரியவில்லை.

ஜூலை 17, வியாழன்

இன்று அவள் சிரித்தாள். தவளை, கணக்கு டீச்சரைப் போல மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே தேடினாள். சத்தமே இல்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது.

போட்டியில் எங்கள் வகுப்பு ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் முதலிடம்.

ஜூலை 21, திங்கள்

நடந்ததை நடந்தபடி.

கடைசிப் பாடவேளை விளையாட்டு விழா ஒத்திகை. எல்லோரும் மைதானத்துக்கு வரிசையாகப் போக வேண்டும். அப்போது ஒலிபெருக்கியைச் சோதிக்க யாரோ அதில் ஒரே கத்தாகக் கத்தினார்கள். நாங்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவளை நான் பார்க்கவில்லை.

வகுப்பு காலியானது. தாழ்வாரக் கோடியில் பத்தாம் வகுப்பு அக்கா நோட்டோடு வந்துகொண்டிருந்தாள். தினமும் தாழிடும் முன் பீரோ இடுக்கை எட்டிப் பார்ப்பேன். யாரும் சொல்லவில்லை, நானாகவே வைத்துக்கொண்ட வழக்கம். இன்று பார்க்கவில்லை. பலத்த காற்று அடித்ததால் ஜன்னல் கதவுகள் ஏற்கெனவே சாத்தியிருந்தன. நான்கு விளக்குகளையும் அணைத்தேன். தாழிட்டேன். அக்கா முழு மதிப்பெண் போட்டாள். நான் ஓடிப்போய் வரிசையில் நின்றேன்.

அவள் இடம் காலியாக இருந்தது. ஆலோசகர் மிஸ் அறைக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். நினைத்தேனா? நினைத்துக்கொண்டேன். நாற்பது நிமிடம் இடது வலது, இடது வலது.

கூட்டுவதற்காகக் கதவைத் திறந்தது ஆயாம்மா. படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே அவர் டீச்சரிடம் சொன்னதைக் கேட்டேன்.

"கத்தியிருந்தா நான் எப்பவோ வந்திருப்பேம்மா. கத்தவே இல்ல. கதவுகிட்டகூட வரல. பீரோ பக்கத்துல நின்னுக்கிட்டு சுவத்தைத் தட்டிக்கிட்டிருந்துச்சு. மெதுவா. மூணு மூணா."

மூணு மூணா.

நான்தான் பூட்டினேன். நான்தான். ஒரு மார்க்குக்காக. கீழ் வீட்டில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவள் இப்போ கதவையும் சாத்திட்டா.

ஜூலை 22, செவ்வாய்

அவள் வரவில்லை.

ஜூலை 24, வியாழன்

அவள் சித்தி பள்ளிக்கு வந்திருந்தார். அலுவலக வாசலில் என் காதில் விழுந்தது: "இங்க பத்திரமா இருப்பான்னு சொன்னீங்க. அவ இப்ப செருப்பைக்கூடப் போட மாட்டேங்கறா. இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். அதுக்கப்புறம் வீட்டுலயே வச்சிக்கறேன். படிப்பு போனாப் போகுது."

நான் ஆலோசகர் மிஸ்ஸிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தாழிட்டதை. மேல்வீட்டை. பதினொரு தேதிகளை. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. வெகுநேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"பீரோவுக்குப் பின்னால போனா விட்டுடுங்கன்னு எல்லா டீச்சர்கிட்டயும் சொன்னேன். தாழ் போடற பிள்ளைகிட்ட யாரும் சொல்லலை. எனக்குத் தோணவே இல்லை."

அவளிடம் போய் மன்னிப்புக் கேட்கட்டுமா என்றேன்.

"கதவைப் பூட்டினதுக்குக் கேளு. மேல்வீட்டு விஷயம் அவளுக்காகச் சொல்றியா, உன் மனசு லேசாகறதுக்குச் சொல்றியா?"

 

ஜூலை 25, வெள்ளி

சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டேன். "மேல்வீட்டுல அந்தச் சத்தம் கேட்டப்ப நீங்க என்னப்பா செஞ்சீங்க?"

அம்மா எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனாள். தண்ணீர் மேசையிலேயே இருந்தது.

"ஒரு நாள் துடைப்பக் கட்டையால மேல தட்டினேன்," என்றார் அப்பா. "சத்தம் போடாதீங்கன்னு. உனக்குப் பரீட்சை நேரம்." அப்புறம் தட்டைத் தள்ளி வைத்தார். "வேற ஒண்ணும் செய்யலைம்மா."

ஜூலை 26, சனி

வீடு அமைதியாக இருக்கிறது. மேலே இப்போது யாரும் குடியில்லை. படிக்க உட்கார்ந்தால் காது தானாக மேலே போகிறது. சத்தம் இல்லை என்பது தெரியும். இருந்தும் எண்ணுகிறேன். ஒன்று, இரண்டு, மூன்று.

ஜூலை 28, திங்கள்

அவளுக்குக் கடிதம் எழுதி மிஸ்ஸிடம் கொடுத்தேன். முதலில் நான்கு பக்கம். கிழித்துப் போட்டேன். கொடுத்தது இவ்வளவுதான்: "கதவைத் தாழிட்டது நான். பார்க்காமல் தாழிட்டேன். அது என் தப்பு. விளக்குப் பொறுப்பை விட்டுவிடுகிறேன். பாட நோட்டு தயாராக இருக்கிறது."

ஜூலை 30, புதன்

வந்துவிட்டாள்! சித்தி வாசல் வரை வந்து, அவள் உள்ளே போகும் வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நாளைக்கும் பாத்துட்டுதான் சொல்வேன்," என்று மிஸ்ஸிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். இடைவேளையில், நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"நீ கீழ்வீடுதானே."

தலையாட்டினேன்.

"முதல் நாளே தெரியும். படிக்கட்டுல புத்தகத்தை மூஞ்சிக்கு நேரா பிடிச்சுக்கிட்டு நடப்பே. ஒரு தடவை கைப்பிடிச் சுவத்துல முட்டிக்கிட்டே."

பிறகு எழுதுவதை நிறுத்தினாள்.

"ஒரு நாள் நான் தட்டினப்போ, கீழேர்ந்து யாரோ பதிலுக்குத் தட்டினாங்க. ஒரே ஒரு நாள்தான். யாரோ இருக்காங்கன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் தினமும் அதுக்காகத்தான் தட்டினேன். அது நீயா?"

ஆமாம் என்று சொன்னால் போதும். ஒரே வார்த்தை. அவள் முகம் அப்படிக் காத்திருந்தது. சொல்லியிருந்தால் அவளுக்கு ஒரு தோழி இருந்திருப்பாள், அப்போதே, அந்த இருட்டிலேயே.

"இல்ல. எங்க அப்பா. துடைப்பக் கட்டையால. சத்தம் போடாதீங்கன்னு தட்டினார். நான் காதை மூடிக்கிட்டுப் படிச்சிட்டிருந்தேன்."

அவள் பேனாவை மூடினாள். அடுத்த பாடவேளைக்கு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

ஜூலை 31, வியாழன்

வந்தாள். தவளை பக்கத்தில் உட்கார்ந்தாள். சித்தி இன்னும் முடிவு சொல்லவில்லை, நாளை சொல்வார் என்கிறார் மிஸ். நான் வாயைத் திறந்ததற்காக அவள் போய்விட்டால்?

உண்மையை எழுதுவது வேறு, அதை ஒருத்தி முகத்துக்கு நேரே வைப்பது வேறு. நோட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மதியம் கை கழுவும் இடத்தில் பக்கத்துக் குழாயில் வந்து நின்றாள். நீரைத் திறந்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"பொய் சொல்லியிருக்கலாம்ல?"

"ம்."

"நல்லா இருந்திருக்கும்."

"தெரியும்."

குழாயை மூடினாள். "கேட்டுச்சுல்ல? கீழ எல்லாருக்கும் கேட்டுச்சு."

"கேட்டுது."

"எங்க அப்பா, யாருக்கும் எதுவும் கேக்காதுன்னு சொல்லுவாரு. நானா கற்பனை பண்றேன்னு சொல்லுவாரு." கையை உதறினாள். "கேட்டுச்சு. அப்ப சரி."

என்ன சரி? நான் கேட்கவில்லை. கேள்வி கேட்காதவள் என்றுதானே என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

போகிற போக்கில், "விளக்குப் பொறுப்பை யாருக்கும் குடுத்துடாதே. எனக்கு ஒரு வேலை இருக்கு," என்றாள். பள்ளிக்குத் தொடர்ந்து வருவேன் என்று அவள் சித்தியிடம் அவளே பேசிவிட்டாளாம். மிஸ் சொன்னார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

அவள் போட்ட சட்டம் இது. மிஸ் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

எங்கள் இருவரில் ஒருத்தி ஒவ்வொரு வரிசையாக நடந்து, பீரோ இடுக்கையும் பார்த்து, "யாருமில்லை" என்று உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவள் கதவருகே நிற்க வேண்டும். தாழிட்ட பிறகு மூன்று முறை தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் நேரமாகிறது. தாமதத்துக்கு மதிப்பெண் குறைத்து, எங்களை மூன்றாம் இடத்துக்குத் தள்ளிவிட்டாள் பத்தாம் வகுப்பு அக்கா. "ஏன் அகராதி, உள்ள பேய் எதுவும் இருக்கான்னு கேக்கறீங்களா?" என்றாள் தவளை. நான் பதறிப்போய்ச் சட்டம் போட்டவளைப் பார்த்தேன். அவள் தோள் குலுங்கியது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மழை. அதைப் பற்றி அரைப் பக்கம் எழுதப் போவதில்லை.

கடைசி மணி அடித்து எல்லோரும் போனார்கள். நான் வரிசை வரிசையாக நடந்தேன். இடுக்கில் ஒரு உடைந்த அளவுகோல், தூசி, சுவரில் தோள் உயரத்தில் காரை பெயர்ந்த சின்ன இடம். விரல் முட்டி அளவு. அதை இன்றுதான் கவனித்தேன். "யாருமில்லை" என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சொல்லிவிட்டுக் கதவுக்கு வந்தேன். அவள் கை சுவிட்சுப் பலகையின் மேல் இருந்தது. இதுவரை அவள் அதைத் தொட்டதில்லை.

"அணைக்கப் போறேன்," என்றாள். எனக்குச் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா, தெரியவில்லை.

பின் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக அணைத்தாள். தாழ் போட்டு, மூன்று முறை தட்டினாள். இருவரும் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றோம். வெளியே மழை. உள்ளேயிருந்து பதில் இல்லை.

நான்கு விளக்குகளும் அணைந்திருந்தன.