சூரியன் போச்சு பாய், தண்ணி குடிங்க

என் நசீமாவின் அத்தாவுக்கு, ஸலாம்.

ஒரு நோன்பு மாதத்தில் சட்டை மாட்டிக்கொண்டே என்னிடம் கேட்டீர்கள். "இன்னா டீச்சரே, பட்டினி கெடந்தா ஒடம்புக்கு நல்லதா, கெட்டதா? ஒரே வார்த்தைல சொல்லு, ஷிப்டுக்கு நேரமாச்சு." முப்பது வருஷம் அறிவியல் பாடம் நடத்தியவளுக்கு ஒரே வார்த்தை எங்கே வரும்? நான் கல்லீரலிலிருந்து தொடங்கினேன். நீங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள்.

அன்று சொல்ல வந்ததை இப்போது சொல்லவா? உடம்பும் நம் வீடு மாதிரிதான். கடைக்குப் போக முடியாத நாளில் அரிசி டப்பாவைத் திறக்கிறோம் அல்லவா? சாப்பாடு நின்றால் உடம்பு முதலில் கல்லீரலில் இருக்கும் சர்க்கரையை எடுக்கும். அது குறைந்தால் கொழுப்பில் கை வைக்கும். நல்ல உடம்புக்கு இதனால் கெடுதல் இல்லை. நோன்பு மாதத்தில் பகலெல்லாம் பீடியை விட்டுவிடுவீர்களே, அந்த ஒரு மாதம் உங்கள் இருமல் குறைவதை நான் பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு நாள் வரும் தலைவலி பசியால் அல்ல, டீ இல்லாததால். நோன்பு திறந்ததும் சமோசாவையும் வடையையும் ஒரு கை பார்ப்பீர்களே, பிறகு நெஞ்சைக் கரித்தது அதனால்தான். பழியை மட்டும் நோன்பின் மேல் போடுவீர்கள்.

ஆனால் எல்லா உடம்பும் ஒன்றல்ல. பங்குனி வெயிலில் நோன்பு வந்த வருஷங்களில், தங்கச் சுரங்கத்தின் ஆழத்துக் கொதிப்பில், பாறை சரியாமல் இருக்க மரம் தூக்கி முட்டுக் கொடுத்தீர்கள். வேர்வையாகப் போன தண்ணீரைத் திரும்ப ஊற்ற மாலை வரை வழியில்லை. பசியை விடத் தாகம்தான் ஆளைத் தள்ளும்.

பூமிக்கு அடியில் சூரியனும் இல்லை, பள்ளிவாசல் பாங்கும் கேட்காது. வேர்வையில் கெட்டுப்போகும் என்று கைக்கடிகாரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவீர்கள். செகண்ட் ஷிப்டில் உங்களுக்கெல்லாம் நோன்பு திறக்க நேரம் சொன்னவர் முனுசாமி. மேலே, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் பக்கத்தில் அவருக்கு வேலை. பொழுது சாய்ந்ததும் கீழே போன் போடுவார். "சூரியன் போச்சு பாய், தண்ணி குடிங்க." அதே குரலில் அதைச் சொல்லிக்காட்டி எத்தனை முறை என்னைச் சிரிக்க வைத்திருக்கிறீர்கள்!

இந்த வருஷம் மைன்ஸை மூடிவிட்டார்கள். அதைப் பார்க்காமலே கண்ணை மூடிவிட்டீர்கள். கேஜ் இறங்குவதில்லை. முனுசாமி வீட்டோடு இருக்கிறார். நம் லைன் வீடுகளில் பாதிப் பேர் கூலி வேலைக்காக விடியும் முன்பே பெங்களூர் ரயிலைப் பிடிக்கிறார்கள். நசீமாவும் அங்கேயேதான் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறாள். மற்ற நாட்களில் நம் வீட்டில் பேசுவது ரேடியோ மட்டும்.

இன்னொரு செய்தி. எனக்குச் சர்க்கரை வந்துவிட்டது. "மாத்திரை போட்டுக்கிட்டு நோன்பு வைக்காதீங்க, அதுவும் தனியா இருக்கறவங்க வைக்கவே கூடாது" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார். சர்க்கரை நோயாளியின் அரிசி டப்பாவை நம்ப முடியாது. மாத்திரை அதன் பாட்டுக்கு இரத்தச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும், வயிறு காலியா என்று கேட்காது. இதையெல்லாம் நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

இருந்தும் வைத்தேன். ஏன் என்று கேட்கிறீர்களா? மற்ற பதினோரு மாதமும் தனியாகச் சாப்பிடுகிறேன். நோன்பில் மட்டும் ஊரே என்னோடு பசித்திருக்கிறது. அந்தப் பசியில் நீங்களும் பக்கத்தில் இருப்பதுபோல் இருக்கும். அதையும் விடச் சொன்னால் எனக்கு என்ன மிச்சம்?

போன வாரம் ஒரு நாள், பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். எழ முடியவில்லை. கை நடுங்கியது. எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரின் எழுத்து கலங்கியது. முனுசாமி தினமும் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்கி வருவார், அவருக்கு ஒரு தூக்கு, எனக்கு ஒரு தூக்கு. அன்றும் வந்து வாசலில் நின்றார்.

"இன்னா டீச்சரம்மா, இந்தக் குளிர்ல இப்டி வேர்த்துக் கொட்டுது?"

"ஒன்னுமில்ல முனுசாமி. இன்னும் கொஞ்ச நேரந்தான்."

என் கையைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். "சூரியன் போச்சு டீச்சரம்மா, தண்ணி குடிங்க."

"பாங்கு கேக்கலியே?"

"மைக்கு ரிப்பேரு. இப்பதான் அங்கருந்து வரேன், எனக்குத் தெரியாதா?"

வானம் மூடிக் கிடந்ததால் எனக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் தெம்பும் இல்லை. அவரே அடுப்பங்கரைக்குப் போய்த் தண்ணீரில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கிக் கொடுத்தார். குடித்தேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. காலண்டரில் எழுத்து தெளிந்தது. அதற்கும் பிறகுதான் பள்ளிவாசல் மைக்கில் பாங்கு கணீரென்று கேட்டது.

முனுசாமி தலையைச் சொறிந்தார். "ரிப்பேர் பண்ட்டாங்க போல."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "பாய்கிட்டயும் இந்த வேலைய காட்டியிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"ஒரே ஒரு வாட்டி டீச்சரம்மா. பாய் நிக்க முடியாம மரத்தப் புட்சிகினு கீறாரு, தண்ணி குடுத்தா வேணாங்கறாருன்னு கீழருந்து போன் வந்துச்சு. மேல வெயிலு பளீர்னு அடிக்குது. போன அவர்கிட்ட குடுங்கடான்னு சொல்லி, சூரியன் போச்சு பாய், தண்ணி குடிங்கன்னுட்டேன். பாவம்னா எனக்கு வரட்டும். அவருக்கு இன்னா தெரியும்?"

உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? இரண்டு நாளாக அதையே யோசித்தேன். பிறகு ஞாபகம் வந்தது. ஒரு வருஷம் பெருநாள் முடிந்த பிறகு நீங்கள் மட்டும் ஒரே ஒரு நாள் நோன்பு வைத்தீர்கள். எந்த நோன்பும் விட்டதாக எனக்குத் தெரியவில்லையே என்று கேட்டதற்கு, "ஒன்னு பாக்கி இருக்குது டீச்சரே" என்று மட்டும் சொன்னீர்கள். அப்படியானால், தண்ணீர் குடித்த பிறகும் ஷிப்டு முடிய வெகு நேரம் ஆனதிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. முனுசாமியிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவர் மனம் நோகாமல், விட்டதை வைத்து முடித்துவிட்டீர்கள்.

என் நோய் போகிற நோய் இல்லை. அதனால் விட்டதை என்னால் திரும்ப வைக்க முடியாது. அப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று நம் மார்க்கத்திலேயே வழி இருக்கிறதே, அதை எப்படி மறந்தேன்? அடுப்பு ஒரு வேளை மட்டும் எரிகிற வீடுகள் நம் லைனிலேயே இப்போது இருக்கின்றன. நேற்று முதல் நம் வீட்டில் உலை பெரிதாகிவிட்டது.

ஆனாலும் மத்தியானம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஊரே பசித்திருக்கும்போது நான் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு தட்டின் முன்னால் உட்கார்கிறேன். சோறு இறங்குவதில்லை. மாத்திரைக்காக இறக்குகிறேன்.

இனி நோன்பு வைக்க மாட்டேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். பொழுது சாயும்போது கஞ்சியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவேன். முனுசாமி சொல்லட்டும், கேட்டுவிட்டுக் குடிக்கிறேன்.

இதை வேறு யாராவது படித்தால் அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் தெருவில் சர்க்கரை நோயோடு யாராவது தனியாக நோன்பு வைத்திருந்தால், இன்று மாலை போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்; கை நடுங்கினால் மணி பார்க்காமல் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் டீச்சர்,
நசீமாவின் அம்மா