முதலிடம் பெற்ற பாட்டில்

டிசம்பர் 8

அன்புள்ள அத்தானுக்கு,

நலம்தானே? அக்காவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான்கு முறை போன் செய்தும் நீங்கள் எடுக்கவில்லை. அதனால் என் ஒயின் கடையின் டெலிவரி வண்டியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் எழுதிய ‘இந்த ஆண்டின் பத்து சிறந்த சிவப்பு ஒயின்கள்’ ஒயின் கிளப் இதழில் வந்துவிட்டது. வழக்கம்போலப் பத்தையும் கடையின் முன்பக்கம் அடுக்கிவிட்டேன். சனிக்கிழமை கிளப் கூட்டத்தில் நாற்பது பேர் முன்னால் முதலிடம் பெற்றதைத் திறந்து நீங்கள் பேச வேண்டுமே, எதற்கும் இருக்கட்டும் என்று நேற்று ஒரு பாட்டிலைத் திறந்தேன். நனைந்த அட்டைப்பெட்டி வாடை. கார்க்கில் பூஞ்சை பிடித்து ஒயின் கெட்டிருந்தது. பெட்டியில் மீதியிருந்த ஐந்தும் அப்படியே. உங்களுக்கு ருசி பார்க்க அனுப்பியதும் இதே பெட்டியிலிருந்துதான்.

நீங்களோ “மழை நின்ற தோட்டத்தின் வாசனை” என்று எழுதியிருக்கிறீர்கள். கிளப்பில் உங்களை ‘மூக்கு’ என்று கூப்பிடுகிறார்கள். இந்த ஒயினின் இறக்குமதிக்காரர் வீட்டு விருந்துக்குப் போய்வந்தீர்களே, செஞ்சோற்றுக் கடனா? உள்ளதைச் சொல்லுங்கள்.

உங்கள் மச்சான்

டிசம்பர் 9

அன்புள்ள மச்சானுக்கு,

அக்காவுக்குத் தேவலை. விருந்துக்குப் போனது உண்மைதான். கை கழுவியதோடு அதை மறந்தும் விட்டேன். அதற்காக ஒரு வரி எழுதுகிறவனா நான்? உன் மனதில் இப்படி ஒரு நினைப்பு வந்ததே எனக்கு வருத்தம்.

ஒயின் பாட்டிலுக்குப் பாட்டில் மாறும், உனக்குத் தெரியாததா? எனக்கு வந்தது நன்றாக இருந்தது. உனக்குச் சளி பிடித்திருக்கிறதோ என்னவோ. வேறு பெட்டி வரவழை. இதைப் பெரிதாக்காதே.

உன் அத்தான்

டிசம்பர் 10

அத்தானுக்கு,

‘அன்புள்ள’ எழுதக் கை வரவில்லை, மன்னியுங்கள்.

எனக்குச் சளியும் இல்லை, சந்தேகமும் இல்லை. அந்தச் சரக்கின் கார்க் முழுவதும் கெட்டது என்று இறக்குமதிக்காரரே ஒப்புக்கொண்டார். பட்டியலைப் பார்த்து வாங்கிப்போனவர்களில் மூன்று பேர் பாட்டிலோடு திரும்பி வந்து நிற்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறீர்கள்.

உங்கள் சொல்லை நம்பித்தான் என் கடைக்கு ஆள் வருகிறது. வெள்ளிக்கிழமைக்குள் உண்மை வராவிட்டால் கூட்டத்தில் நானே எழுந்து சொல்வேன். அதற்குப் பிறகு அக்கா வீட்டு வாசலை எப்படி மிதிப்பேன் என்று தெரியவில்லை. ஆனாலும் சொல்வேன்.

மச்சான்

டிசம்பர் 12

அன்புள்ள மச்சானுக்கு,

மார்ச்சில் வந்த காய்ச்சலோடு எனக்கு வாசனை அறியும் சக்தி போய்விட்டது. திரும்பவில்லை. சொல்ல வெட்கம். பட்டியலை விட்டுவிட்டால் அந்தக் கிளப்பில் நான் யார்?

அதனால் உன் அக்காவின் முகத்தைப் பார்த்து எழுதினேன். அவளுக்கு ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுப்பேன். பிடிக்காவிட்டால் பாதியில் மேஜையில் வைத்துவிடுவாள். பிடித்தால் கடைசிச் சொட்டு வரை கையை விட்டு இறக்கமாட்டாள். அந்தப் பாட்டிலில் இரண்டு கிளாஸ் குடித்தாள். முதலிடம் கொடுத்துவிட்டேன்.

இன்று காலை உன் கடிதங்களை அவளிடம் நீட்டினேன். படித்துவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அவள் அதைக் குடித்தது, நான் மூக்கு டாக்டரிடம் போய்வந்த நாளாம். இனி வாசனை தெரியாது என்று அவர் எழுதிய சீட்டு, அன்றே சட்டையைத் துவைக்கப் போடும்போது அவள் கையில் சிக்கியிருக்கிறது.

“வாயில வைக்க முடியல. ஆனா நீங்க என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. அன்னைக்குப் போய் எப்படிக் கீழ வைக்கிறது?” என்றாள்.

எனக்குத் தெரியக்கூடாதென்று அவளும், அவளுக்குத் தெரியக்கூடாதென்று நானும் மறைத்திருக்கிறோம். நடுவில் உன் கடை மாட்டிக்கொண்டது. உனக்குச் சளி என்று எழுதியதற்கு என்னை மன்னித்துவிடு. சனிக்கிழமை நானே எழுந்து எல்லாவற்றையும் சொல்கிறேன், பட்டியலையும் திரும்பப் பெறுகிறேன். நீ வாய் திறக்க வேண்டாம். இங்கே வராமல் மட்டும் இருந்துவிடாதே.

இந்தக் கடித உறையை ஒட்டுவதற்கு முன், மீதி ஒன்பதில் எது உண்மையிலேயே நன்றாக இருந்தது என்று உன் அக்காவிடம் கேட்டேன்.

“இத்தனை வருஷத்துல இப்பத்தான் என்கிட்ட கேக்குறீங்க” என்றாள். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

உன் அத்தான்