ஸ்டெல்லா பெயருக்கு வந்த அழைப்பு

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மோட்டார் ரிப்பேர், தண்ணீர் லாரிக்குச் சொல்லியாகிவிட்டது. காபிக்கு முன், ஆன்லைன் வேலைத் தளத்தில் வந்த வேலை அழைப்புகளின் பெட்டி. ஒரு நாளுக்குள் பதில் போடாவிட்டால் தளம், நானும் ஸ்டெல்லாவும் மட்டுமே உள்ள எங்கள் சப்டைட்டில், மொழிபெயர்ப்பு ஏஜென்சியைப் பட்டியலில் கீழே தள்ளிவிடும். இன்று ஐந்து.

1. பல் மருத்துவமனை விளம்பரம், சப்டைட்டில். “ஒரு சாம்பிள் மட்டும் இலவசமாக.” சாம்பிளே முழு வீடியோ. மறுப்பு.
2. தளத்துக்கு வெளியே பேசலாம், நம்பர் அனுப்பு என்கிறவர். மறுப்பு.
3. சமையல் சேனல். மரியாதையாக எழுதியிருக்கிறார், கேள்விகளும் தெளிவு. ஏற்பு.
4. ராசிபலன் மொழிபெயர்ப்பு. ஸ்டெல்லாவுக்கு போன் போட்டுக் கேட்டேன். “குருப்பெயர்ச்சிய நான் எழுதறேன்க்கா, எங்க பாஸ்டர் கிட்ட நீங்க பேசிடுங்க.” மறுப்பு.
5. ஸ்டெல்லா பெயருக்கு.

எங்கள் இருவருக்கும் வருவது என் பெட்டிக்குத்தான் வரும். ஆங்கிலத்தில் கடிதம் எழுத அவளுக்குப் பிடிக்காது என்று மூன்று வருடம் முன்பு நான் வைத்த ஏற்பாடு. அனுப்பியவர் வெளிநாட்டுப் பேராசிரியை. சென்னைத் தெருப்பேச்சு ஒலிப்பதிவுகள். ஆட்டோ ஸ்டாண்டு, மீன் கடை, பஸ். கேட்டு எழுத்தில் தர வேண்டும். ஒரு வருட வேலை. ஒரே ஆள், ஏஜென்சி வேண்டாம். எழுதுபவர் பெயர் புத்தகத்தில் வரும்.

மறுப்பை அழுத்தினால் காரணம் கேட்கும். “இப்போது நேரமில்லை” என்பதைத் தேர்ந்தெடுத்தேன்.

கை பழக்கத்தில் போய்விட்டது என்று எழுதப் பார்த்தேன். இல்லை. இரண்டு முறை படித்துவிட்டுத்தான் அழுத்தினேன்.

ஜூலை 8, செவ்வாய்

செவ்வாய் இருவரும் சேர்ந்து வேலை செய்யும் நாள். மண்ணூர்பேட்டையிலிருந்து காட்டுப்பாக்கம் வரை ஸ்கூட்டியில் வந்தாள், ஹெல்மெட்டில் முடியெல்லாம் படிந்து. வந்ததும் என் டப்பாவைத் திறந்து முறுக்கு.

ஆவணப் படத்தில் ஒரு ஆட்டோக்காரர் பேசுகிற இடம். எட்டு முறை கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை. அவள் ஒரு முறை கேட்டாள்.

“‘வண்டிய இஸ்துகினு போனாங்கோ’ன்றார்க்கா. இன்னாக்கா நீங்க, வந்து பதினெட்டு வருஷம் ஆவுது, காது மட்டும் இன்னும் கரூர் பஸ் ஸ்டாண்டுலயே நிக்குது.”

சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றது.

போன மாத வேலைக்கு வாடிக்கையாளர் மதிப்புரை போட்டிருந்தார். படித்துக் காட்டச் சொன்னாள். ஏஜென்சி பெயரைச் சொல்லி ஏகப்பட்ட பாராட்டு. முழு வேலையும் அவளுடையது. “அவ்ளோதானா” என்றாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

பகல் இரண்டு மணிக்கு மேல் வேலை இல்லை. என்னோடு கீரை ஆய்ந்துவிட்டு நாலு மணிக்குக் கிளம்பினாள். அந்த அழைப்பை மறுத்ததை அவளிடம் நான் சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

மழை. துணி உள்ளேயே.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். நான் செய்ததுதான் சரி என்றார். அவள் போய்விட்டால் ஏஜென்சி என்று மிஞ்சுவது நீயும் லேப்டாப்பும்தானே என்றார். நான் நினைத்ததேதான். இன்னொருவர் வாயிலிருந்து கேட்டபோது அசிங்கமாக இருந்தது.

அவள் போனால் என்ன ஆகும்: தெருப்பேச்சு வேலை எடுக்க முடியாது. செவ்வாய்க்கிழமை வீடு அமைதியாக இருக்கும். என்னைக் கிண்டல் செய்ய ஆள் கிடையாது.

முதலாவதற்கு வேறு ஆள் தேடலாம்.

ஜூலை 10, வியாழன்

மண்ணூர்பேட்டை போனேன். ஸ்டெல்லா அடுக்களையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. முடித்த பிறகு குழாயைத் திறந்து கை கழுவினாள்.

“நேரமில்லன்னா போட்டீங்க?”

“ஆமா.”

“செவ்வாக்கெழம உங்க ஊட்ல உக்காந்து கீரை ஆஞ்சிகினு இருந்தேன்க்கா.”

அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். தட்டு வைத்தாள், சாப்பிட்டேன். வழக்கமாக கேட் வரை வருவாள். இன்று வரவில்லை.

ஜூலை 11, வெள்ளி

பேராசிரியைக்கு எழுதினேன். ஸ்டெல்லாவைக் கேட்காமல் நான்தான் மறுத்தேன், அவருக்கு நேரம் இருக்கிறது. நாலு வரி. மூன்று முறை திருத்தியும் எந்த வரியிலும் நான் நல்லவளாகத் தெரியவில்லை. அப்படியே அனுப்பினேன்.

மாலை பதில். வேறு இருவரிடம் பேசிக்கொண்டிருக்கிறாராம். திங்களுக்குள் ஸ்டெல்லாவே எழுதினால் பார்ப்பாராம். அவளுக்கு அனுப்பி, வேண்டுமானால் நான் எழுதித் தருகிறேன் என்றேன்.

“நானே எழுதிக்கறேன். நீங்க கை வெக்காதீங்க.”

ஜூலை 13, ஞாயிறு

சர்ச் முடிந்து அவளிடமிருந்து வாட்ஸ்அப். அனுப்பிவிட்ட பிறகுதான் எனக்குக் காட்டியிருக்கிறாள். ஆறு வரி, இரண்டு பிழை. அம்பத்தூர் எஸ்டேட் வாசலில் பிறந்து வளர்ந்தவள், பஸ்ஸில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் தனித்தனியாக எழுதுவாள் என்று இருக்கிறது. கடைசி வரி: முன்பு உங்களுக்குப் பதில் போட்டவர் என் தோழி, நான் போய்விடுவேன் என்று பயந்துவிட்டார், இனி செய்ய மாட்டார்.

அடுப்பில் பால் பொங்கிவிட்டது. துடைத்துவிட்டு வந்து மறுபடி படித்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

வெயில். வருவாளா தெரியாமலே முறுக்கு வாங்கி வைத்தேன். பத்தே காலுக்கு வந்தாள்.

வேலை அவளுக்குத்தான். நேற்றே தெரியுமாம், நேரில் சொல்லவேண்டும் என்று வைத்திருந்தாளாம். அடுத்த மாதத்திலிருந்து. செவ்வாய்க்கிழமை மட்டும் இங்கே வருவாள், “அதும் வேலைக்கு இல்ல, உங்க காதுக்காக.”

ஒரே ஒரு நிபந்தனை. அவள் பெயருக்கு வருவது அவளுக்கே போகவேண்டும். செட்டிங்கில் மாற்றினேன். நிச்சயமாகவா என்று தளம் கேட்டது. அவள் என் தோளுக்குப் பின்னால் நின்றாள். ஆம் என்று அழுத்தினேன்.

பதினொன்றரைக்கு அவள் போனில் டிங் என்றது. முதல் அழைப்பு. எட்டிப் பார்த்தேன். திரையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, உதடு அசைய, ஒவ்வொரு ஆங்கில வார்த்தையாகப் படிக்க ஆரம்பித்தாள். நான் எழுந்து உலை வைக்கப் போனேன்.