கிளியர் என்ற வார்த்தை

ஜனவரி 16, வியாழன்
மரியபுஷ்பத்துக்குத் தையல் பிரித்தார்கள். குரல்வளையை எடுத்தாயிற்று, இனிப் பேச்சு வராது என்று டாக்டர் மறுபடியும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் ஸ்டீல் டம்ளரில் ஸ்பூனால் இரண்டு தட்டு தட்டினாள். என்னைக் கூப்பிடுகிறாளாம்.

ஜனவரி 19, ஞாயிறு
மாதாப்பூரிலிருந்து மகள் கரோலின் வந்தாள். டைப் செய்வதை அம்மாவின் குரலிலேயே பேசுகிற ஆப் இருக்கிறதாம். பழைய குரல் பதிவுகள் வேண்டுமாம். அவை என் போனில்தான் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் மரியபுஷ்பம் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள். தயிர், கேஸ், மாத்திரை. எல்லாம் "கைக்கு லேட்டு?" என்றுதான் முடியும். மெட்டுகுடாவிலேயே பிறந்து, உருது கலந்த தமிழோடு வளர்ந்தவள். 'ஏன்' என்பதற்கு அவளுக்கு எப்போதும் 'கைக்கு'தான். அவளுடைய பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டோம்.

"போனைக் குடுங்க டாடி, நானே அனுப்பிக்கிறேன்."
"நக்கோ, வேணாம். எனக்குச் சொல்லிக் குடு, நான் அனுப்புறேன்."
"லாங் பிரஸ், செலக்ட், ஃபார்வர்ட். பஸ், அவ்ளோதான்."

அவள் விரல் முடித்த பிறகுதான் என் கண் முதல் படிக்கே வந்தது.

ஜனவரி 22, புதன்
மூன்றாவது படியைப் பிடிக்கும்போது முதல் படி நழுவுகிறது. சட்டசபைப் பேச்சைக் குறிப்பில்லாமல் டெஸ்க்குக்குச் சொன்ன நிருபன் நான். இப்போது புதியது உள்ளே நுழைவதில்லை. பழையது இடம் விடுவதில்லை.

ஜனவரி 23
எப்படி எழுதுவேன்?

மெனுவில் 'கிளியர் சாட்' என்றிருந்தது. எங்கள் டெஸ்க்கில் கிளியர் ஆகாத செய்திக் காப்பி அடுத்த மேஜைக்குப் போகாது. கிளியர் என்றால் பார்த்தாயிற்று, அனுப்பலாம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு அந்த வார்த்தைக்கு வேறு பொருளே இல்லை. முதலில் கிளியர், பிறகு ஃபார்வர்ட் என்று நினைத்தேன். நிச்சயமா என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன்.

எல்லாம் போச்சு. அய்யோ, எல்லாமே போச்சே. அவகிட்ட என்னன்னு சொல்லுவேன்?

ஜனவரி 24
கரோலின் மதியம் வரை தேடினாள். பேக்கப் இல்லை. "அன்னைக்கே நான் போனைப் பிடுங்கியிருக்கணும் டாடி" என்றாள். திட்டியிருக்கலாம்.

ஜனவரி 25
மரியபுஷ்பத்திடம் சொன்னேன். நடந்ததை நடந்த வரிசையில். ஸ்லேட்டில் எழுதினாள்: "தயிர் வாங்கச் சொன்னதுதானே, விடுங்க." பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். தோள் குலுங்கியது. சத்தம் இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு
கரோலின் ஒரு டேப்லெட்டில் அந்த ஆப்பை ஏற்றி, வேறொரு பெண்ணின் குரலைப் போட்டுத் தந்தாள். செய்தி வாசிப்பதுபோல் சுத்தமான தமிழ். மரியபுஷ்பம் "கைக்கு லேட்டு" என்று டைப் செய்தாள். கையில் ஏதோ கோளாறு என்பது மாதிரி அது வாசித்தது. டேப்லெட்டை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

மார்ச் 4, செவ்வாய்
பேகம்பேட்டில் ஒரு கூட்டத்துக்குப் போனேன், முடிய நேரமாகிவிட்டது. பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது போன் அதிர்ந்தது. மரியபுஷ்பத்திடமிருந்து வாய்ஸ் மெசேஜ்.

வாய்ஸா?

காதில் வைத்தேன். எங்கள் வீட்டு ஃபேன் ஓடும் சத்தம். டம்ளரில் ஸ்பூன், இரண்டு தட்டு. சற்றுப் பொறுத்து, கொஞ்சம் கோபமாக, இன்னும் இரண்டு.

கேட்டேன். மறுபடி கேட்டேன். வேறு எதையும் தொடவில்லை.