வெள்ளை வால் நாரை

பத்தாம் மாதம், ஐந்தாம் நாள்

குளிரில் பசை சரியாக உருகவில்லை. சிப்பித்தூள் வெள்ளை நிறத்தை இரண்டு முறை அரைக்க வேண்டியதாயிற்று.

கோயில் விருந்தினர் கூடத்தின் தள்ளுகதவுகளில் ஏழு நாரைகள். கோடுகள் என் கணவருடையவை. நிறம் நிரப்புவது மட்டும் என் வேலை. அவருடையவை என்று சொல்லலாமா? எங்கள் ஓவியப் பரம்பரையின் மாதிரிச் சுருள்மேல் மெல்லிய தாள் வைத்து எடுத்த கோடுகள். அவர் குருவும் அப்படித்தான் எடுத்தார். அதிலிருந்து விலகினால் பரம்பரையின் தலைமை வீட்டில் பெயரைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். ஷூசெய் என்பது அவருக்கு அவர்கள் தந்த பெயர். அது இல்லாத ஓவியரை எந்தக் கோயிலும் அழைக்காது.

இருபதாம் நாள் தலைமை வீட்டுப் பெரியவர் பார்வையிட வருகிறார்.

ஒன்பதாம் நாள்

ஃபுஷிமியில் அப்பாவைப் பார்த்துவிட்டு விடியற்காலையில் சதுப்பு ஓரமாகத் திரும்பினேன். பத்தடி தூரத்தில் ஒரு நாரை எழும்பியது. றெக்கை விரிந்ததும் கருப்பெல்லாம் அதன் விளிம்போடு போய்விட்டது. வால் வெள்ளை. சுத்த வெள்ளை.

நிற்கும்போது மடங்கிய றெக்கை வாலின்மேல் தொங்குகிறது. அதைத்தான் எல்லோரும் வால் என்று நினைத்திருக்கிறார்கள். அப்பாவின் வாடகைப் புத்தகக் கடையில் பறவைகளைப் பற்றி எத்தனை படித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் கருப்பு வால்தான். எழுதியவர்களில் ஒருவர்கூடவா வெளியே போய்ப் பார்க்கவில்லை?

பன்னிரண்டாம் நாள்

கதவிலுள்ள ஏழு நாரைகளில் ஒன்று பறக்கிறது. இன்று அதன் வாலுக்கு மை வைக்க வேண்டும். வைக்கவில்லை. தூரிகையைத் தோய்த்தேன், கை போகவில்லை. வெள்ளையாகவே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஏன் இப்படிச் செய்தேன்? நாளைக்கே மை வைத்துவிடலாம். ஒரு நிமிட வேலை.

பதின்மூன்றாம் நாள்

வைக்கவில்லை.

பதினான்காம் நாள்

முதலில் கண்டுபிடித்தது கன்பெய், என் கணவருடன் அதே குருவிடம் பயின்றவர். எதைப் பார்த்தாலும் கிண்டல். “அண்ணி, நாரைக்குக் காய்ச்சலா? வாலெல்லாம் வெளுத்துப்போச்சே. இல்ல, நீங்களும் சுருளை மூடிட்டு, ஷிஜோ தெரு ஓவியருங்க மாதிரி கோழிக்கூண்டு முன்னால உக்காந்து படம் போடக் கிளம்பிட்டீங்களா?”

என் கணவர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டார். பார்த்ததைச் சொன்னேன்.

“இருநூறு வருஷமா கருப்பு, நுயி. நீ ஒரு நாள் காலைல பார்த்ததுக்காக அத்தனை பேரும் தப்பா?”

நானே மை வைத்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம், இப்போதைக்குத் தொடாதே என்றார். கோபமா? கோபமாக இருந்தால்கூடத் தேவலாம்.

பதினேழாம் நாள்

விழித்தபோது படுக்கையில் அவர் இல்லை. சோறு ஆறியபின் வந்தார். முழங்கால்வரை சேறு. எங்கே என்று கேட்டேன், காலைக் கழுவப் போய்விட்டார். யாரிடமாவது பரிந்துபேசச் சொல்லி அலைகிறாரோ? என்னை ஃபுஷிமிக்கே அனுப்பிவிட நினைக்கிறாரோ? தையலில் இரண்டு முறை விரலைக் குத்திக்கொண்டேன்.

பத்தொன்பதாம் நாள்

யாராவது கேட்டால் என் கை தவறியது என்று சொல்லிவிடுங்கள் என்றேன். பதிலுக்கு விளக்கை அணைத்தார். மை வைக்கவும் விடவில்லை. பைத்தியம் பிடித்துவிடும்போல் இருக்கிறது.

இருபதாம் நாள்

எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

கடைசி நேரப் பூச்சுக்காக நிறக் கிண்ணங்களோடு கூடத்தின் மூலையில் இருந்தேன். பெரியவர் ஒவ்வொரு கதவாகப் பார்த்தார். பைன் மரத்தைப் புகழ்ந்தார். பறக்கும் நாரையைக் கடந்து போயே விட்டார். பார்க்கவில்லை! அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

அப்போது கோயில் தலைமைத் துறவி, பாவம், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு பேசினார். “நான் சதுப்புக் கரையில பொறந்தவன். பறக்கிற நாரையைச் சரியாப் போட்டவர் இவர் ஒருத்தர்தான். அந்தக் கருப்பு றெக்கையோடது, வாலோடது இல்ல.”

பெரியவர் திரும்பி வந்து குனிந்து பார்த்தார். பிறகு என் கிண்ணங்களை. “பொம்பளை கை, மறந்துபோச்சு போல. இப்பவே மை வெச்சுடச் சொல்லு, ஷூசெய்.”

எவ்வளவு எளிதாக வழி விட்டார்! தூரிகை ஏற்கெனவே என் கையில் இருந்தது.

“மறக்கலைங்க. வால் வெள்ளைதான். நானும் போய்ப் பார்த்தேன்” என்றார் என் கணவர்.

சேறு. அந்தச் சேறு.

பெரியவர் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “நீ எதுக்குப் போய்ப் பார்த்தே?” என்று மட்டும் கேட்டார். வருத்தமாகத்தான் கேட்டார்.

பதினோராம் மாதம், இரண்டாம் நாள்

மாதிரிச் சுருள்களை எடுத்துப்போகத் தலைமை வீட்டிலிருந்து கன்பெய்யை அனுப்பியிருந்தார்கள். இன்று கிண்டல் இல்லை. வாசலில் குனிந்து, “வரேன், யாசோ” என்றார். ஷூசெய் போய்விட்டது; இது சின்ன வயதில் அவருக்கு அம்மா வைத்த பெயர். இனி அதுதான் அவருக்கு.

பதினோராம் நாள்

என்னால்தான் என்றேன். “நீ சொல்லலைன்னா நான் போயிருக்கவே மாட்டேன்” என்றார். இது குற்றம் சாட்டுவதா, வேறு ஏதாவதா? அப்படியே திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த வருடம், இரண்டாம் மாதம், ஆறாம் நாள்

மீன் கடைக்குப் பின்னாலுள்ள இந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் வேலை. சாராயக் கடைக்காரர் தன் சேவலை வரைந்து தரக் கேட்கிறார். மாதிரிச் சுருள் இல்லாமல் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் என் கணவர் மூன்று நாளாக வெற்றுத்தாள் முன் உட்கார்ந்திருக்கிறார். அரிசி தீர்ந்துவருவது நினைவுக்கு வரும்போதெல்லாம், முகம் காட்டாமல் நான் அடுப்பங்கரைக்குப் போய்விடுகிறேன்.

ஒன்பதாம் நாள்

சேவலையே கொண்டுவந்துவிட்டார்கள். மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். என் மணிக்கட்டைக் கொத்தியது. உடையையும் அசிங்கம் செய்தது.

“அசையாம இரு” என்றார். எனக்கா அதற்கா, தெரியவில்லை.

சேவல் அசைந்துகொண்டேதான் இருந்தது. அவர் வரைவதை நிறுத்தவில்லை. ஒரு தாள் முடிந்ததும் சேவல்மேலிருந்து கண்ணை எடுக்காமலே அடுத்த தாளுக்குக் கை நீட்டினார்.