ஆளுக்குப் பாதி ஜெர்மன் வண்டி

என் பிரியமான மச்சான் சுடலைமுத்து,

நீ போய்ச் சேர்ந்த பிறகு நம் வண்டி ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை. இதைத்தான் உனக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். மழைக்காலம் முழுக்க செம்பூர் ரோட்டுத் தண்ணீரில் நீந்தியது. ஒரு சத்தம் இல்லை, ஒரு எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. நீ இருந்தபோது இந்தப் புத்தி எங்கே போயிருந்தது அந்த ஜெர்மன்காரிக்கு?

வாஷியில் ஒரு ஆபீசரிடம் ஆளுக்குப் பாதி போட்டு அதை வாங்கியபோது தாராவியே சிரித்தது. தோல் பை கடைக்காரனும் பாத்திரக் கடைக்காரனும் ஜெர்மன் கார் வாங்குகிறார்களாம்! "வாங்குறது லேசு அண்ணாச்சி, வச்சுக் காப்பாத்துறதுதான் பாடு" என்று மெக்கானிக் அந்தோணி அன்றைக்கே சொன்னான். நாம் கேட்டோமா? "கதவு சாத்துற சத்தத்தைக் கேளு மச்சான், பேங்க் லாக்கர் மாதிரி" என்று நீ திரும்பத் திரும்பச் சாத்திக் காட்டினாய். அந்தச் சத்தத்துக்கே மயங்கிவிட்டோம்.

அப்புறம் பட்டோமே! வாட்டர் பம்ப் போயிற்று, ஏசி போயிற்று. நல்ல ரோட்டுக்கென்று செய்த சஸ்பென்ஷன் நம் ஊர்ப் பள்ளங்களில் முனக ஆரம்பித்தது. எதைக் கேட்டாலும் பார்ட்ஸ் வெளியிலிருந்து வரணும் என்பான் அந்தோணி. அவன் சொல்லும் தொகைக்கு என் கடையில் ஒரு அலமாரி நிறையக் குக்கர் அடுக்கலாம். நான் தலையில் கைவைப்பேன். நீ டீ சொல்லுவாய்.

கராஜ் வாசலில் பெஞ்சுக்குப் பதிலாக அந்தோணி போட்டிருக்கும் பழைய கார் சீட்டில் உட்கார்ந்து நாம் பேசாத பேச்சா? என் வீட்டுக்காரி இறந்தபோது நான் வீட்டில் அழவில்லை. அந்த சீட்டில்தான் அழுதேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மகன் முருகேசன் போன மாதம் நெருளிலிருந்து வந்தான். "வித்துடலாம் அங்கிள். நல்லா ஓடும்போதே தள்ளிடணும். நாளைக்கு ஏதாவது புட்டுக்கிச்சுன்னா ரிப்பேர் கர்ச்சா யாரு பண்றது? க்யா ஃபாய்தா, என்ன லாபம்?" என்றான். நியாயமான பேச்சுதான். வாங்க ஆளும் பார்த்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவுக்கு இட்லி சாப்பிடத் இப்போது தனியாகப் போகிற எனக்கு எதற்கு அவ்வளவு பெரிய வண்டி? உன் சீட்டை நீ சாய்த்து வைத்தபடியே விட்டிருக்கிறேன். அதைத் திரும்பிப் பார்க்காமல் ஓட்டப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஆயுத பூஜை முடியட்டும், கொடுத்துவிடலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

பூஜையன்று நீ செய்வதையெல்லாம் நானே செய்தேன். மாலை, பூசணிக்காய், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். சந்தனத்தை உன்னைப் போலவே பானெட்டிலும் முன் பம்பரிலும் தாராளமாக அப்பினேன். மறுநாள் வண்டியை எடுத்தால் கீங் கீங் என்று ஒரே கத்தல்! வருஷா வருஷம் பூஜைக்கு மறுநாள் கத்துமே, அதே கத்தல். "மச்சான், ஜெர்மன்காரி கத்த ஆரம்பிச்சுட்டா, கடையைப் போட்டுட்டு வாவே" என்று நீ போன் போடுவாயே, அதே. சொன்னால் சிரிப்பாய், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கடையைச் சாத்திவிட்டு கராஜுக்கு ஓட்டினேன்.

அந்தோணி பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. ஈரத்துணியால் பம்பரில் ஓர் இடத்தைத் துடைத்தான். கத்தல் நின்றது.

"இங்க, முன்னாடி ஏதாவது இடிக்க வந்தா கத்துற சென்சார் ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. சந்தனம் மூடிச்சுன்னா கத்தத்தான் செய்யும்."

"அப்போ வருஷா வருஷம் கத்துனது?"

அவன் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னான்: "முதல் வருஷமே அவர்ட்ட சொல்லிட்டேன். 'வண்டியை உள்ள போட்டுட்டு சாயங்காலம் வரைக்கும் சும்மா இருடே, இல்லன்னா அவன் கடையை விட்டு வரமாட்டான்'னாரு. அடுத்த வருஷத்துலேருந்து அவரே அந்த எடம் பாத்து அப்புனாரு."

அட படுபாவி! இன்றைக்கு என்ன செலவு வைக்கப் போகிறதோ என்று நான் விரல்விட்டுக் கணக்குப் போட்டபடி உட்கார்ந்திருப்பேன். நீ தோளில் கைபோட்டு, "ஜெர்மனிக்காரனுக்கு அவசரம் கிடையாதுவே" என்பாய். வாயைத் திறந்து, "வாவே, சும்மா உக்காந்திருப்போம்" என்று கேட்டிருக்கக் கூடாதா? கேட்டிருந்தால் வந்திருப்பேனா?

அந்த சீட்டில் போய் உட்கார்ந்தேன். டீக்காரனிடம் பழக்கத்தில் ரெண்டு சொல்லிவிட்டேன். ரெண்டையும் நானே குடித்தேன். உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை மச்சான்.

அங்கிருந்தே முருகேசனைக் கூப்பிட்டேன். "வாங்க வாறவனை வரவேண்டாம்னு சொல்லு மக்கா. கர்ச்சா என் பாடு."

"ஏன் அங்கிள், வண்டிக்கு ஏதாவது ஆச்சா?"

"ஒண்ணும் இல்ல. நீ ஒரு நாள் வா, சொல்லுதேன்."

"டைம் கிடைச்சா வாறேன் அங்கிள்" என்றான். கல்யாணம், கோயில் என்று நீ எங்கே கூப்பிட்டாலும் கடை வாசலில் நின்று நான் சொல்லிவந்த பதில் அது. அதே அவசரம். நெருள் ஃபிளாட்டில் அவனும் தனியாகத்தானே கிடக்கிறான்?

அடுத்த ஆயுத பூஜைக்கும் அந்த இடத்திலேயே சந்தனம் அப்புவேன், இது சத்தியம். மறுநாள் காலையில் உன் மகனுக்குப் போன் போட்டு, "வண்டி கத்துதுடே, லீவு போட்டுட்டு வா" என்பேன். அந்தோணியிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். சாயங்காலம் வரை வண்டியை வெளியே விடமாட்டான்.

ரத்தத்தால் இல்லாமல் பாதி வண்டியால் வந்த உன் மச்சான்,
பொன்னையா