சத்தமில்லாத ஸ்கூட்டர்

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் மேகலாவின் வணக்கம். மூட்டுவலி குறைந்ததா? நான் நலம்.

லைசென்ஸ் தேவைப்படாத சின்ன பேட்டரி ஸ்கூட்டரில்தான் ஆழ்வார்பேட்டையில் வீடு வீடாக ரத்தம் எடுக்கப் போய்வந்தேன். செவ்வாய்க்கிழமை ஹாரன் அடிக்காமல் தெருவில் திரும்பிவிட்டேன். துணி தேய்க்கும் செண்பகம் அக்கா மேல் வண்டி லேசாகத்தான் இடித்தது. ஆனாலும் கீழே விழுந்ததில் அவருக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது.

"வண்டி வர்ற சத்தமே கேக்கலம்மா, நீ இன்னா பண்ணுவே?" என்று அவரே என்னைத் தேற்றினார். திட்டியிருந்தால் தேவலை.

கட்டுப் போட்ட கையால் இஸ்திரிப் பெட்டியைத் தூக்க முடியாதே. அதனால் வேலை முடிந்ததும் நான்தான் தேய்த்துக் கொடுக்கிறேன்.

அம்மாவிடம் சொல்லி என் பழைய போர்வையை அனுப்புங்கள். இங்கே தூக்கம் சரியாக வருவதில்லை.

இப்போதே கிளம்பினால்தான் நேரத்துக்குப் போக முடியும். ஸ்கூட்டரைத் தொட மனம் வரவில்லை, நடந்துதான் போகிறேன்.

மேகலா